சம்பந்தியம்மா குடித்த சாறு

"சம்பந்தி ஊட்ல எது குடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லோணும், ஆனா நாம அவங்களுக்கு எதையாச்சும் குடுத்தா..." என்று என் பெரியப்பா ஒரு தடவை சொன்னார். கொடுத்தால் என்ன என்பதுதான் மறந்துபோய்விட்டது. ஏதோ எச்சரிக்கை மாதிரிதான் இருந்தது. யாருடைய கல்யாணப் பந்தியிலோ பக்கத்து இலையில் உட்கார்ந்து சொன்னார். எனக்கு அப்போது கவனமெல்லாம் பாயசத்தின் மேல். பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிட்டேன்.

உட்காருங்கள் தம்பி. அப்பாவுக்குப் பிரஷர், மூன்று குப்பி வேண்டும் என்கிறீர்கள். சரி. யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டதற்கு நெகமம் ரத்தினாக்கா என்றீர்கள். வேறு யார் பேரைச் சொல்லியிருந்தாலும், சரக்கு தீர்ந்துவிட்டது, போய்வாருங்கள் என்று வாசலோடு அனுப்பியிருப்பேன். ரத்தினா அனுப்பிய ஆளை அப்படி அனுப்ப முடியவில்லை.

ரத்தினா என் மைத்துனன் வெள்ளியங்கிரியின் மனைவி. அவனையும் பார்த்திருப்பீர்களே. அவர்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். வலது கை மடியில் கிடக்கும், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. அவன்தான். என் மனைவியின் தம்பி. என் மகளுக்குத் தாய்மாமன்.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லையென்றால் தப்பெல்லாம் என்னுடையது என்று நினைத்துக்கொள்வீர்கள். கொஞ்சம் என்னுடையதுதான். எவ்வளவு என்பதை நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நான் ஜித்தாவில் இருந்தேன். ஒரு கிடங்கில் கணக்கு. கல்யாணமான அடுத்த வருஷம் போனவன், மகள் கல்யாணத்துக்குத் திரும்பி வந்து, அப்படியே இருந்துவிட்டேன். வந்த புதிதில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரே கேள்வி. "எப்பங்க திரும்பப் போறீங்க?" போகவில்லை என்றால் முகத்தைப் பார்ப்பார்கள், ஏதோ தப்புச் செய்து துரத்திவிட்டார்கள் போல. அதற்குப் பிறகு பேச்சு இருக்காது. தென்னைக்கு வரும் நோயைப் பற்றிப் பேசுவார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. யாருக்கு யார் என்ன முறை என்று பேசுவார்கள், நான் தப்பாகச் சொல்ல, அவர்கள் திருத்துவார்கள். சின்ன வயதில் அப்பாவுக்கு எல்லை தாண்டிச் சித்தூரில் வேலை, ஏழாவது வரை மலையாளப் பள்ளிக்கூடம். பிறகு பொள்ளாச்சியில் தமிழ். அங்கே என்னைப் பாண்டி என்பார்கள், இங்கே மலையாளத்தான் என்பார்கள். பழகியதுதான். ஆனால் நாற்பத்தெட்டு வயதில் சொந்த ஊரில் மறுபடியும் அப்படி ஓரமாக உட்கார வைத்தால், சரி, அதை விடுங்கள்.

கிடங்கில் உஸ்மான் என்று ஒரு சூடான்காரர் இருந்தார். தினமும் சிவப்பாக ஒரு பானம் குடிப்பார். பூவிலிருந்து எடுப்பது, ரத்த அழுத்தத்தைக் கீழே கொண்டுவரும், பக்கவாதம் அண்டாது என்பார். எனக்கும் ஊற்றித் தருவார். இங்கே வந்து பார்த்தால் நம் வேலி முழுக்கச் செம்பருத்தி. நீங்களும் பார்த்துக்கொண்டுதானே உள்ளே வந்தீர்கள். ஒருநாள் காலையில் பறித்து, காம்பையும் மகரந்தத் தண்டையும் கிள்ளிவிட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். நிறம் இறங்கியதும் பிழிந்து வடிகட்டி எலுமிச்சை விட்டால், என்ன சிவப்பு என்கிறீர்கள். உஸ்மான் குடித்தது வேறு செடி, நம் புளிச்சக்கீரைக்குச் சொந்தக்காரச் செடி, அதுவும் பூ இல்லை, பூவுக்கு அடியில் இருக்கிற தடித்த தோல் என்று என் மகள் செல்போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். சிவப்பு சிவப்புதானே என்றேன்.

ஆங்கிலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகூடப் படித்தேன், சும்மா இறங்கிவிடவில்லை. அழுத்தம் இறங்குகிறது என்று எழுதியிருந்தது. கொஞ்சம் இறங்குகிறது, சில பேருக்கு, மாத்திரைக்குப் பதில் ஆகாது என்றும் கடைசியில் எழுதியிருந்தது. கடைசிப் பக்கம் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்கள்.

சம்பந்தி வீடு உடுமலையில். மாப்பிள்ளையின் அம்மா வசந்தாமணி, நல்ல பெண்மணி. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, எல்லாம் அந்த அம்மாதான். பிரஷர் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறவர். தைப்பொங்கல் சீர் கொண்டு போனபோது பழத்தட்டு, கரும்பு, சேலை எல்லாவற்றோடும் ஒரு குப்பி சாறும் எடுத்துப்போனேன். தட்டில் மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்து நானே கையில் கொடுத்தேன்.

"இதென்னுங் சம்பந்தி, இவ்வளவு செவப்பா?"

"மருந்துங்க. காலையில வெறும் வயித்துல அரை டம்ளர். மாத்திரையெல்லாம் தேவைப்படாதுங்க."

"உங்க கையால குடுத்தா அமிர்தமுங்க" என்றார்.

இப்படிச் சொல்கிற ஆளை என்னவென்று நினைப்பீர்கள்? குடிப்பார் என்றுதானே நினைப்பீர்கள்?

ஒரு மாதம் கழித்துப் போனேன். "எப்படி இருக்குங்க?" என்றேன். "தலை கிறுகிறுப்பே இல்லீங்க சம்பந்தி. நூத்தி எழுவது இருந்துச்சு, இப்ப நூத்தி முப்பதுன்னாங்க" என்றார். "மாத்திரை?" என்றேன். "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றார். கூடவே குப்பியைத் திருப்பிக் கொடுத்தார். கழுவித் துடைத்து, அதில் கடலை எண்ணெய் நிரப்பி. சம்பந்தி வீட்டுக்குப் பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார்கள் இல்லையா. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நான் சாறு கொண்டுபோவேன், குப்பி எண்ணெயோடு வரும், நெய்யோடு வரும், ஒரு தடவை தேனோடு வந்தது. காலியாகாத குப்பி எப்படித் திரும்பி வரும்? அதுதான் எனக்கு அத்தாட்சி. ஜித்தாவில் இருந்த அவ்வளவு காலத்தில் யாரும் என்னிடம் வந்து, நீ செய்தது நல்லதாயிற்று என்று சொன்னதில்லை தம்பி. கிடங்குக் கணக்குச் சரியாக இருந்தால் யாரும் பேச மாட்டார்கள், தப்பாக இருந்தால்தான் கூப்பிடுவார்கள்.

அதன்பிறகு விசேஷங்களில் எனக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. மறைக்கவில்லை, சொன்னேன். எங்கள் சம்பந்தியம்மாவுக்கு நூற்று எழுபது இருந்தது என்று ஆரம்பிப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். எப்பங்க திரும்பப் போறீங்க என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.

வெள்ளியங்கிரி மட்டும் சிரித்தான். அவனுக்குத் தேங்காய் வியாபாரம், களத்தில் நாள் முழுக்க ஆட்களோடு பேசிப் பேசி வாய் நிற்காது.

"மாமா, ஊரெல்லாம் காதுலதான் பூ வைப்பாங்க. நீங்க வாயிலயே ஊத்தறீங்களே" என்றான்.

"சிரிப்பா மாப்ள. உன் மாத்திரையை நீ சாகற வரைக்கும் முழுங்கு."

அதைச் சொன்னதும் அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவனுக்கும் பிரஷர், ஆனால் மாத்திரை ஆகாது. ஒத்துக்காமல் இல்லை, வெட்கம். பந்தியில் எல்லோர் முன்னாலும் சட்டைப் பையிலிருந்து எடுத்து விழுங்கக் கூச்சப்படுவான். அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, வெளையாட்டை விடுங்க. நெசமாலுமே அந்தம்மா மாத்திரையை நிறுத்தீட்டாங்களா?" என்று கேட்டான்.

"நிறுத்தியாச்சு. நூத்தி முப்பது. வேணும்னா போன் போட்டுத் தர்றேன், நீயே கேளு" என்றேன்.

"சேச்சே, சம்பந்தியம்மாகிட்டப் போயி அதையெல்லாம் கேப்பாங்களா" என்றான். குப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நான் அவனை மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் இஷ்டம் மாப்ள என்றுதான் சொன்னேன். இரண்டாம் தடவை வந்தபோது, மிச்சம் மாத்திரை கிடக்கிறதே என்ன செய்ய என்றான். கிணற்றில் போட்டு மீனுக்குப் பிரஷரைக் குறை என்றேன். விளையாட்டுக்குச் சொன்னது. ரெண்டு பேரும் சிரித்தோம்.

இடையில் என் மகள் கிருத்திகா உடுமலையிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, அத்தைக்கு இனிமே சாறு வேண்டாம்ப்பா. ஃபிரிட்ஜ்ல எடமே இல்லை" என்றாள். சரி என்று சின்னக் குப்பியாகப் பார்த்து வாங்கிக் கொண்டுபோனேன். அடுத்த மாதம், "அத்தைக்குப் புளிப்பு ஆகாதுப்பா" என்றாள். எலுமிச்சையைக் குறைத்தேன். பிறகு ஒரு தடவை, "எதுக்குப்பா உங்களுக்குச் சிரமம், இவ்வளவு தூரம் பஸ்ல" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகிப் போனபிறகும் அப்பாவின் அலைச்சலை நினைக்கிறாளே என்று. அடுத்த வாரமே போனேன்.

ஆடி மாதம் வெள்ளியங்கிரிக்கு வந்தது. காலை நேரம், களத்தில் தேங்காய் எடை போட்டுக்கொண்டிருந்தான். கையிலிருந்து தேங்காய் நழுவியது. எடுக்கக் குனிந்தவன் எழவில்லை. கூட இருந்தவர்கள் முதலில் விளையாடுகிறான் என்று நினைத்தார்களாம், அவன் அப்படிப்பட்டவன்தானே. பேசச் சொன்னார்கள், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. நான் போகும்போது ஒரு பெண் டாக்டர் ரத்தினாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்திரையை எப்போ நிறுத்தினார்?"

"நிறுத்தலீங்க டாக்டர். பூச்சாறுக்கு மாத்திக்கிட்டோம்."

"என்ன சாறு? யார் கொடுத்தது?"

ரத்தினா என்னைத் தேடித் திரும்பினாள். நான் அப்போது தண்ணீர் குடிக்க வராந்தாப் பக்கம் போயிருந்தேன். தாகம் தம்பி. பஸ்ஸில் வந்த தாகம். திரும்பி வரும்போது டாக்டர் போய்விட்டிருந்தார். ரத்தினா என்னிடம் கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இவருதானுங்ணா ஒழுங்காக் குடிக்கலை. ரெண்டு நாள் குடிப்பாரு, ஒரு நாள் உட்ருவாரு. கருவாட்டையும் விடலை. உங்க சம்பந்தியம்மா மாதிரி மொறையா இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனா, தானாக ஆடியதா, தெரியவில்லை.

இதை நேரில் சொல்ல வேண்டும் என்று உடுமலைக்குப் போனேன். சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் இருக்கக்கூடாது. அதோடு, உள்ளே ஒரு எண்ணம். அந்த அம்மாவைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும். ஒருத்தருக்காவது நல்லது நடந்திருக்கிறதே. கைகால் கழுவப் பின்பக்கம் போனேன். கிருத்திகா பின்னாலேயே வந்தாள். அவளுக்கு அப்போது நான்காம் மாதம்.

"அப்பா, மாமாவுக்கு எதனாலப்பா ஆச்சு?"

"கருவாடும்மா. சாறையும் ஒழுங்காக் குடிக்கலை."

"மாத்திரை?"

"அது எதுக்கு? உங்கத்தை இல்லையா, மாத்திரை இல்லாமயே நூத்தி முப்பது..."

அவள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி, தலை சுற்றுகிறதோ என்று பயந்துபோனேன். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த அம்மா முதல் நாள் ஒரு மடக்குக் குடித்தாராம். வயிற்றைப் புரட்டிவிட்டது. அதோடு சரி. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. அந்த மாதம் டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருந்தார், அதில் இறங்கியது. சாறெல்லாம் அதோ அந்த மாதுளைக்கு.

"யார் ஊத்தினா?"

"நான்தாம்ப்பா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு."

"எத்தனை தடவை சொல்றதுப்பா?" என்றாள். "அத்தை, சொல்லிரலாமுங்கன்னு நான் கேட்டேன். வேண்டாம் சாமி, உங்கப்பா மனசு நோகும்னாங்க. நீங்க அந்தக் குப்பியைத் தூக்கிட்டு வாசல்ல வர்றப்ப உங்க முகம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுப்பா."

மாதுளை நன்றாகக் காய்த்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன செய்வதென்று தெரியாதபோது வேறு எதையாவது பார்ப்போமே, அப்படி. மன்னித்துக்கொள் என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. மனதுக்குள் மலையாளத்தில் சொல்லிப் பார்த்தேன். யாரோ ஒரு பையன் வாத்தியாரிடம் சொல்வது மாதிரி இருந்தது.

அதற்குள் அந்த அம்மா காப்பித் தட்டோடு வந்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்து, "ஏனுங் சம்பந்தி, இந்தத் தடவை சாறு கொண்டாரலீங்களா?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த தடவை கொண்டாறனுங்க" என்றேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் இரவெல்லாம் அந்த அம்மா மேல் கோபப்பட்டேன். ஒரு பொய், மரியாதைக்காகச் சொன்ன ஒரு பொய், அதை நம்பி நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நன்றாக இல்லை, குமட்டுகிறது, கொண்டுவராதீர்கள் என்று சொல்லியிருந்தால் வெள்ளியங்கிரி இன்றைக்கு வியாபாரம் பேசிக்கொண்டிருப்பான். மரியாதை பார்த்தே ஆளை முடித்துவிட்டார்கள். இப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அதுவும் உண்மை.

மறுநாள் கிளம்பும்போது கிருத்திகா பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். "அப்பா, ரத்தினா அத்தைகிட்ட இப்ப எதுவும் சொல்லிராதீங்க. அவங்க வாயி உங்களுக்குத் தெரியும். பொய்க்காரின்னு எங்கத்தையை நாலு பேர் முன்னாடி வெச்சுக் கேட்டுருவாங்க. நான் இந்த ஊட்லதானப்பா இருக்கோணும். வளைகாப்பு முடியட்டும். தாய்மாமன் சீரோட மாமா வரணும், ரெண்டு அத்தையும் ஒரே பந்தியில உக்காரணும்" என்றாள். பெற்ற பெண் கேட்கிறாள். சரி என்றேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. இதை உங்களிடம்தான் சொல்கிறேன்.

வெள்ளியங்கிரியைப் பார்க்க வாரம் ஒரு தடவை நெகமம் போகிறேன். பக்கத்தில் உட்காருவேன். ரத்தினா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள், "எங்கண்ணன் எவ்வளவு நல்ல மருந்து குடுத்துச்சு, இவருதான் கெடுத்துக்கிட்டாரு" என்று. அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். அப்புறம் இடது கையைத் தூக்கி நெஞ்சில் தட்டுவான். தட்டிவிட்டு என்னைப் பார்ப்பான். என் தப்புதான் மாமா என்று சைகையில் சொல்கிறான். பேச்சு இருந்திருந்தால் ஏதாவது கேலி செய்திருப்பான், நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். நெஞ்சில் தட்டினால் நான் என்ன செய்வது? அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைப்பேன். மறுபடி தட்டுவான்.

போன வாரம் ரத்தினா இங்கே வந்து, சாறு இருந்தால் கொடுங்கள் என்றாள். வேண்டாம்மா என்று ஆரம்பித்தேன். "ஏனுங்ணா?" என்றாள். ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இரண்டு குப்பி கொடுத்தேன். மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வளைகாப்பு வருகிற வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும்தானே.

அதனால்தான் உங்களுக்குக் குப்பி இல்லை என்கிறேன். அப்பாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்ததைக் கொடுங்கள். பூவை அம்மா தலையில் வைத்துக்கொள்ளட்டும்.

என்ன சொன்னீர்கள்?

இல்லை, கேட்டது. இன்னொரு தடவை சொல்லுங்கள். ரத்தினா வேறு என்ன சொன்னாள்? காலை மாத்திரை மட்டும் கொடுக்கிறாளா? ராத்திரி மாத்திரைக்குப் பதில் சாறா?

அவளே சொன்னாளா? டாக்டர் சொல்லியா, அவளாகவா?

என்ன காரணம் சொன்னாள்? உடுமலை அம்மாவுக்கு மாத்திரை இல்லாமலே இறங்கியது, இவருக்கும் மெதுவாக நிறுத்திவிடலாம் என்றா? ஒழுங்காகக் கொடுத்தால் விழுந்த கையும் திரும்ப வந்துவிடும் என்றா?

எப்போதிலிருந்து?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து.

இருங்கள் தம்பி, போகாதீர்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறேன். நீங்கள் போகிற நெகமம் பஸ்ஸிலேயே நானும் வருகிறேன். உடுமலையில் சம்பந்தியம்மா அதைக் குடிக்கவே இல்லை என்று ரத்தினாவிடம் இன்றைக்கே சொல்லப்போகிறேன், வெள்ளியங்கிரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.